கூட யார் வந்திருக்கீங்க?

அரசு மருத்துவமனையோ தனியாரோ, எழுபது வயதுக்காரர் ஒருவர் உள்ளே நுழைந்தால் முதலில் வரும் கேள்வி நோயைப் பற்றியதாக இருக்காது. "கூட யார் வந்திருக்கீங்க?" என்பதுதான். சீட்டுப் போட ஒருவர் வேண்டும். ரத்தம் எடுக்குமிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக, பணம் கட்ட, மருந்து வாங்க, கையெழுத்துப் போட, ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாமல் நம் ஊரில் எந்த வார்டும் ஓடாது. ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், வங்கி, பத்திர ஆபீஸ் எல்லாமே இதே கணக்கில்தான் கட்டப்பட்டிருக்கின்றன: முதியவருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பார். தமிழ்நாட்டுக்கு வயதாகிறது என்றதும் எல்லோரும் நரைத்த தலைகளை எண்ணுகிறோம். குறைந்துகொண்டே வருவது பின்னால் நிற்கிற அந்த ஆள். அவர் இல்லாத இடங்களில் என்னென்ன உடைகிறது, ஏன் உடைகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எண்களை முதலில் முடித்துவிடலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். ஒன்றிய அரசின் தொழில்நுட்பக் குழு போட்ட மதிப்பீட்டின்படி 2021-ல் 13.6, 2031-ல் 18.2 சதவீதம். கேரளம் மட்டுமே நமக்கு முன்னால் நிற்கிறது. இந்திய சராசரி 2031-லும் 13.1 தான். 1971-ல் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 4 பிள்ளைகள் என்றிருந்த பிறப்பு விகிதம் 2020 மாதிரிப் பதிவு ஆய்வில் 1.4 ஆகிவிட்டது. 65 வயதைக் கடந்தவர்கள் 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக பிரான்சுக்கு 115 ஆண்டு ஆயிற்று. ஜப்பானுக்கு 24. நாம் ஜப்பான் வேகத்தில், ஆனால் ஜப்பானின் வருமானம் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறோம். நாலு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒருவர் துபாயில், ஒருவர் பெங்களூரில் இருந்தாலும் ஒருவர் ஊரில் மிஞ்சுவார். ஒற்றைப் பிள்ளை வீட்டில் அந்தக் கணக்கு இல்லை.

வீட்டுக்குள் அந்த ஆள் செய்யும் வேலை எவ்வளவு என்பதைப் பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒருவரை வைத்துப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்: இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். ஒரு நாளைக்கு 12 முறை, ராத்திரியும் சேர்த்து. மூக்குக் குழாய் வழியாக உணவு என்றால் ஒரு தடவைக்கு 200 மில்லி அளவில் ஆறேழு தடவை. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி, கொடுத்து முடித்த பின்னும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் படுக்க வைத்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். டயப்பர் நாளுக்கு நாலு. ஒன்று 40 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 4,800.

படுக்கைப்புண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் தவறவிடுவது இங்கேதான். புத்தகங்களில் "முதல் அறிகுறி சிவந்த தோல், விரலால் அழுத்தினால் வெளுக்காது" என்று போட்டிருக்கும். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுத்தும், தொட்டால் சூடாகவும், கொஞ்சம் கெட்டியாகவும் ஓர் இடம் இருந்தால் அதுதான் ஆரம்பம். இடுப்புக்குக் கீழ் வால் எலும்புப் பகுதி, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் மூன்றையும் தினமும் குளிப்பாட்டும்போது பார்க்க வேண்டும். குதிகாலுக்கு மருந்தே வேண்டாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையைத் தொடாமல் தூக்கி வைத்தாலே போதும். காற்று அடைத்த வளையத் தலையணையை வாங்கிப் போடுவார்கள். அது நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் புண்ணை வளர்க்கும். ஆல்ஃபா பெட் (காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை) நல்லதுதான். ஆனால் அதை வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைப்பதால் வந்த புண்கள் நிறைய.

இந்த வேலையை ஒரே ஆள் செய்ய முடியாது. பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் வேண்டும். 2011-ல் தமிழ்நாட்டுக் குடும்பத்தின் சராசரி அளவே நாலு பேருக்குக் கீழே. அதில் படுத்திருப்பவர் ஒருவர், அவருடைய துணைவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. நடைமுறையில் வேலை போய் விழுவது மருமகள் மேலோ மகள் மேலோ. அவர் வேலைக்குப் போகிறவராக இருந்தால் வேலை போகும். எந்தப் பொருளாதாரக் கணக்கிலும் ஏறாத இழப்பு இது. வெளியிலிருந்து 24 மணி நேர ஆள் வைப்பதென்றால் சென்னை, கோவையில் மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே கிடைப்பது அரிது.

ஆனால் படுக்கை வரை போகாமல் தடுக்கக்கூடியவை நிறைய. இதில் ஆள் பற்றாக்குறையோடு மாத்திரைப் பெட்டிக்கும் பங்கு உண்டு. ஒருவருக்குப் பிரஷருக்கு ஒரு டாக்டர் டெல்மிசார்டன் மாத்திரையை 'ஏ.எம்.' என்று முடிகிற பெயரில் எழுதியிருப்பார். அந்த ஏ.எம். என்பது அம்லோடிபின். வேறு ஊரில் மகன் வீட்டில் இருந்தபோது பார்த்த இன்னொரு டாக்டர் அம்லோடிபினைத் தனியாக வேறு கம்பெனிப் பெயரில் எழுதியிருப்பார். இரண்டையும் சேர்த்து விழுங்குவார்கள். கூடவே புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின். ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரியும்; ஈரமான பாத்ரூம் தரையில் விழுவார்; இடுப்பு எலும்பு முறியும். "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்கிறோம். தரை வழுக்கியது கடைசிக் காரணம்தான்.

வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் சோதித்துவிடலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒவ்வொரு முறை. மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். அதேபோல, பெயர் 'ஹெச்' என்று முடிகிற பிரஷர் மாத்திரைகளில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கும். வயதானவர்களுக்கு அது சோடியத்தைக் குறைக்கும். நேற்று வரை பேப்பர் படித்தவர் இன்று பேரனின் பெயரை மாற்றிச் சொன்னால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். இரண்டு நாளில் வந்த குழப்பத்துக்குப் பின்னால் சோடியமோ சிறுநீர்த் தொற்றோ இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டும் சரியாகக்கூடியவை. மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும்.

முதியோர் மருத்துவத்தை இந்தியாவில் தொடங்கிய ஊர் சென்னை என்பது நமக்கே அதிகம் தெரியாது. டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு மேற்படிப்பு வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆள் இல்லாத பிரச்சினைக்கு நேராகக் கை வைத்த திட்டம் என்றால் அது 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. படுத்திருப்பவருக்கு இயன்முறை மருத்துவரும் வலி நிவாரண நர்ஸும் வீட்டுக்கு வருகிறார்கள். குறை இல்லாமல் இல்லை. மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர் ஒருவர் ஒரு நாளில் ஏறி இறங்க வேண்டிய வீடுகள் அதிகம், ஊதியம் சொற்பம். இருந்தாலும் "நீ வராதே, நாங்கள் வருகிறோம்" என்ற யோசனை சரியான யோசனை. உங்கள் வீட்டில் படுத்திருப்பவர் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். தானாக வருவார்கள் என்று காத்திருந்தால் வராமலும் போகலாம்.

இனி பணம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-லேயே 20 ரூபாயில் தொடங்கியது. இப்போது மாதம் 1,200. 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து உயர்ந்தது. இதில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500. அந்த 200, கிட்டத்தட்ட இருபது ஆண்டாக அசையவில்லை. 1,200-ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 40 ரூபாய், மேலே சொன்ன டயப்பரில் ஒன்று.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போடலாம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோ. விஏஓ விசாரணை, ஆர்.ஐ. பரிந்துரை, பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை. மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. முதலாவது வயது. பிறந்த தேதி தெரியாத தலைமுறைக்கு ஆதாரில் தோராயமாக ஒரு வருடத்தைப் போட்டிருப்பார்கள். பார்த்தால் எழுபது, அட்டையில் ஐம்பத்தேழு. பிறந்த தேதித் திருத்தத்துக்கு ஒரு வாய்ப்புதான் என்பதால், கையில் சரியான சான்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது, "பிள்ளை இருக்கானே?" என்ற கேள்வி. ஆதரவற்றவருக்கான திட்டம் என்பதால் விஏஓ கேட்கத்தான் செய்வார். பிள்ளை இருப்பதும் பிள்ளை பார்த்துக்கொள்வதும் ஒன்றென்று காகிதம் நினைக்கிறது. பெற்றவரோ மகனைப் பற்றித் தெருவில் நிற்க வைத்துக் கேட்டால் "நல்லாத்தான் பார்த்துக்கிறான்" என்றுதான் சொல்வார். அதோடு மனு தள்ளுபடி.

ரேஷன் கடையில் கதை வேறு. கைநாட்டு விழாது. வயல் வேலை, பாத்திரம் கழுவுதல், சிமெண்ட் கலவை என்று அறுபது ஆண்டு உழைத்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். வயதாக ஆகத் தோல் உலர்ந்து மெலிவதால் ரேகையின் மேடும் பள்ளமும் கருவிக்குப் பிடிபடாது. கட்டை விரலையே திரும்பத் திரும்ப வைத்துத் தேய்ப்பதில் பயன் இல்லை. ஈரத்துணியால் துடைத்து, லேசாக உலரவிட்டு, மோதிர விரலையோ நடுவிரலையோ வைத்துப் பார்க்கலாம், அவை குறைவாகத் தேய்ந்திருக்கும். எந்த விரலும் விழாவிட்டால் கருவிழிக் கருவி இருக்கிற கடையில் அதைக் கேட்கலாம். நடக்கவே முடியாதவருக்குப் பதிலாக வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் உண்டு. கடையிலேயே கேட்டு வாங்கி நிரப்பலாம். ஆனால் பாருங்கள், அதற்கும் ஓர் ஆள் வேண்டும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் அந்த ஆளின் இடத்தை அரசே எடுத்துக்கொண்ட இன்னொரு முயற்சி. தொடங்கியபோது 70 வயதைக் கடந்தவர்களுக்கு என்றார்கள்; அவர்கள் வீட்டு வாசலுக்கே அரிசியும் பருப்பும் கருவியும் வந்தன.

சொத்து வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்களில் உடைவது பத்திர ஆபீஸில். உயில், செட்டில்மெண்ட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். உயில் உயிர் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயம் இல்லை. செட்டில்மெண்ட் பதிவான நிமிடமே சொத்து கை மாறிவிடும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இது 2023 ஜூலையில் உயர்ந்த கட்டணம். மலிவு என்பதாலும் "பின்னால் தகராறு வராது" என்பதாலும் பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள்.

கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால் இரண்டு வரிகள் பத்திரத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று, ஆயுள்காலம் வரை தாய் தந்தை இருவருக்கும் அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை உண்டு என்பது. இருவர் பெயரையும் எழுதுங்கள். அப்பா பெயர் மட்டும் இருந்து அவர் முதலில் போய்விட்டால் அம்மாவுக்குப் பிடி இல்லை, நம் ஊரில் அதிக காலம் தனியாக வாழ்வது பெரும்பாலும் அம்மாதான். மற்றொன்று, உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் உள்ளிட்ட அடிப்படைத் தேவைகளைப் பெறுபவர் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இந்த நிபந்தனையைத்தான் தேடுகிறது. அது இருந்து, பிள்ளை கவனிக்காவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கலாம். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததை நிரூபித்தாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சட்டத்தின் நோக்கத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும், தீர்ப்பாயம் சொத்தின் சுவாதீனத்தையும் மீட்டுத் தரலாம் என்றது. இப்படி ஊசலாடும் இடத்தில் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். "அன்பின் பேரில் கொடுக்கிறேன்" என்ற வழக்கமான வாசகத்தோடு நிறுத்தாமல் நிபந்தனையைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பி.எஃப். பணத்தை எடுத்து மகன் பெயரில் ஃபிளாட் வாங்கிக் கொடுத்தவர்கள் நிலைதான் மோசம். சட்டப்படி பணமும் சொத்துதான். ஆனால் நிபந்தனையோடு கொடுத்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

பராமரிப்புத் தொகை கேட்டு இதே சட்டத்தில் மனு போட வழக்கறிஞர் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். அறிவிப்பு போன நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், மேல்முறையீடு ஆட்சியரிடம் 60 நாளுக்குள். உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். அதை நீக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. இந்தச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அதில் இல்லை. புரட்டிப் படுக்க வைப்பவர் அவர், கடமை இருப்பதாகச் சட்டம் எழுதியிருப்பது வேறொருவருக்கு! அவருக்குக் கடமை சேர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. கூலியோ, ஓய்வோ, வாரத்தில் ஒரு நாள் மாற்று ஆளோ தருவதற்கு எந்தச் சட்டமும் யோசிக்கவில்லை என்பதுதான் குறை. உதவிக்கு முதியோர் எண் 14567 இருக்கிறது, குறித்து வையுங்கள்.

மாற்று ஆளை ஏற்பாடு செய்வது முடியாத காரியம் இல்லை. கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பியது. 2008-ல் கேரள அரசு அதைக் கொள்கையாக்கியது. இன்று ஊராட்சிகளே நர்ஸ் வைத்து நடத்துகின்றன. பகல் நேரத்தில் முதியோர் போய் இருக்க 'பகல் வீடு' என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. நம் ஊராட்சிகளில் பிள்ளைகள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற தொடக்கப்பள்ளிக் கட்டடங்களுக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. ஜப்பான் பெரிய அளவில் செய்தது. 65 வயதைக் கடந்தவர்கள் 17 சதவீதத்தைத் தொட்ட 2000-ஆம் ஆண்டில் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 40 வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்ட வேண்டும். உடல்நிலையை ஏழு நிலைகளாகப் பிரித்து அதற்கேற்ப வீட்டுக்கு ஆள் வரும். பயன்படுத்துபவர் வருமானத்தைப் பொறுத்து செலவில் 10 முதல் 30 சதவீதம் வரை கொடுப்பார். மருமகளின் வேலையைச் சம்பள வேலையாக மாற்றியதுதான் இதன் சாரம்.

நம்மிடம் சந்தை முந்திக்கொண்டது. கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் வரிசையாக எழுந்துவிட்டன. மூன்று வேளை சாப்பாடு, வாரம் ஒரு டாக்டர், மாலையில் பஜனை; பணம் கட்டுவது வெளிநாட்டுப் பிள்ளைகள். விளம்பரப் புத்தகத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "படுத்துவிட்டால்?" பல இடங்களில் பதில், நீங்களே ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது. விற்பனையா, திரும்பத் தரும் டெபாசிட்டா, மாதப் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடும், ஒருவர் இறந்தால் மற்றவர் தொடரலாமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு பக்கம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று மண்டபங்கள் நிரம்பி வழிகின்றன. நீண்ட ஆயுள் அபூர்வமாக இருந்த காலத்துச் சடங்கு, இன்று ஓர் ஊருக்கே பிழைப்பு. அதே தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில்தான் படுத்த முதியவரை வீட்டாரே கொன்றுவிடும் தலைக்கூத்தலும் இருந்தது. 2010-ல் விருதுநகர்ப் பக்கம் செய்தியாகி வெளியே வந்தது. அது கொலை, வேறு பெயர் கிடையாது. ஆனால் அந்த வீடுகளில் புரட்டிப் படுக்க வைக்க எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்காமல் பண்பாட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உழைக்கும் வயதினர் குறைவதைத் திருப்பூரிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் ஏற்கெனவே பார்க்கிறோம்: பீகாரும் ஒடிசாவும் வராவிட்டால் வேலை நிற்கும். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் வட, வடகிழக்கு மாநிலப் பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அரசு தன் பங்குக்கு ஊழியர் ஓய்வு வயதை 2020-ல் 58-லிருந்து 59-ஆகவும், 2021-ல் 60-ஆகவும் உயர்த்தியது. ஓய்வுக்காலப் பணப்பலன்களை இரண்டு ஆண்டு தள்ளிப்போட முடிந்தது. டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காலியிடம் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. முதுமை அரசியலில் இளையவரும் மூத்தவரும் நேருக்கு நேர் மோதிய இடம் அது. ஒன்றிய அரசு 2020 மார்ச்சில் ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியதற்கோ பெரிய எதிர்ப்பே எழவில்லை. ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 சதவீதம் என்றிருந்த தள்ளுபடி அது.

மாநில அளவில் பார்த்தால் நம் பின்னால் நிற்கும் ஆட்கள் குறைவது டெல்லியில் தெரிகிறது. மக்களவைத் தொகுதிப் பங்கீடு 1971 கணக்கெடுப்பில் உறைந்து நிற்கிறது. 1976-ல் 42-ஆவது திருத்தம் உறைய வைத்தது; 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 1971-ல் நாட்டு மக்களில் 7.5 சதவீதமாக இருந்த நாம் 2011-ல் 5.96 சதவீதம். 543 இடங்களை வெறும் மக்கள்தொகைப்படி பிரித்தால் 39 என்பது 32 அளவுக்கு இறங்கும். ஒன்றிய அரசு திரட்டும் வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைப்பது நிதிக்குழு. அந்த வரிப்பகிர்விலும் இதே சாய்வு: 13-ஆவது நிதிக்குழுவில் 4.969 சதவீதமாக இருந்த நம் பங்கு 14-ல் 4.023 ஆனது, 15-ல் 4.079. மாநிலங்கள் பிறப்பு விகிதத்தைக் குறைத்ததற்கு 15-ஆவது நிதிக்குழு 12.5 சதவீத எடை கொடுத்தது, அது நியாயம். ஆனால் அப்படிக் குறைத்ததன் விளைவாக முதியோர் பெருகிய மாநிலம் என்று ஒரு சதவீத எடையும் கிடையாது. பள்ளிக்கூடச் செலவு குறைந்த இடத்தில் உதவித்தொகையும் வீட்டு நர்ஸும் ஏறி நிற்கும் என்பதை அந்தச் சூத்திரம் பார்க்கவில்லை.

2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு அதிகம் பிள்ளை பெறச் சொன்னார். அடுத்த மாதமே ஆந்திரம் உள்ளாட்சித் தேர்தலுக்கான இரண்டு குழந்தை விதியை நீக்கியது. அதே அக்டோபரில் மு.க. ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில் 'பதினாறும் பெற்று' என்பதைத் தொகுதிக் கணக்கோடு சேர்த்துப் பேசினார். கூட்டிக் கழித்துப் பாருங்கள். இன்று பிறக்கும் குழந்தை வேலைக்குப் போக இருபத்திரண்டு ஆண்டாவது ஆகும். 2031-ல் அறுபதைத் தாண்டப்போகிறவர்கள் இன்றே ஐம்பதுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய ஆளை இனிப் பெற்று வளர்க்க முடியாது. இருக்கிறவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்துத்தான் உருவாக்க முடியும். அதற்கான செலவை நிதிக்குழுவின் சூத்திரத்துக்குள் கொண்டுவரும் கோரிக்கை தொகுதிச் சண்டையின் சத்தத்தில் கேட்காமலே போகிறது. 60 வயதைக் கடந்தவர்களின் விகிதத்துக்குத் தனி எடை கேட்பதில் நம்மோடு சேர்ந்து நிற்க கேரளமும் ஆந்திரமும் மட்டும் இல்லை, இமாச்சலமும் பஞ்சாபும் கூட உண்டு. அந்த மாநிலங்களுக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.